பொறுப்பு எல்லை தாண்டாது

மார்ச் 3, திங்கள்

காலை முழுவதும் ஒரே ஒரு சொல்லுக்காகப் போனது. எங்கோ தூரத்தில் இரண்டு நாடுகள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருக்கின்றன. அதற்கு நம் வெளியுறவு அமைச்சகம் ‘கவலை’ தெரிவிப்பதா, ‘ஆழ்ந்த கவலை’ தெரிவிப்பதா? நீள மேசை, ஐந்து பேர், இரண்டு முறை தேநீர். சட்டப் பிரிவின் தலைவி என்பதால் என்னையும் கேட்டார்கள். “செத்தவங்க நூறைத் தாண்டினா ஆழ்ந்த கவலை, அதுக்குக் கீழன்னா வெறும் கவலை. அதானே நம்ம வழக்கம்?” என்றேன். ஆமாஞ்சாமி அதைக் குறித்துக்கொண்டார்! என் துணை ஆலோசகர்தான். செயலர் தும்மினாலும் ‘சரியாச் சொன்னீங்க சார்’ என்பவர். அவர் பெற்றோர் வைத்த பெயர் எனக்கே மறந்துகொண்டு வருகிறது.

மதியம் தங்கை போன் செய்தாள். அப்பா அம்மா போனபின் எனக்கென்று இருப்பது அவள் ஒருத்தி. எல்லையோர நகரத்தில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் அங்கே துணைமின் நிலையத்தில் பொறியாளர். அங்கிருந்து ஒரே கம்பி எல்லையைத் தாண்டி அந்தப் பக்கத்து நிலையத்துக்கும் போகிறது. இங்கே மின்சாரம் மிஞ்சினால் அங்கே போகும், அங்கே மிஞ்சினால் இங்கே வரும். அதனால் இரண்டு நிலையத்துக்காரர்களும் தினமும் போனில் பேசியாக வேண்டும். அந்தப் பக்கத்து ஆளுக்கு மாப்பிள்ளை வைத்த பெயர் ‘சம்பந்தி’. “ரெண்டு வீட்டுக்கும் கம்பி கட்டியாச்சு, அப்புறம் சம்பந்திதானே?” என்பார். பாதி நம் மொழி, பாதி அவர் மொழி. இத்தனை வருடத்தில் முகம் பார்த்ததில்லை. “முதுகுவலிக்கு டாக்டர்கிட்ட போங்கன்னா போக மாட்டார்க்கா. சம்பந்தி சொன்ன தைலம்னா மட்டும் ஓடிப்போய் வாங்குவார்” என்று தங்கை பொரிந்தாள்.

மார்ச் 11, செவ்வாய்

காலையில் பக்கத்து நாட்டு விமானங்கள் எல்லை தாண்டின. குண்டு விழுந்தது துணைமின் நிலையத்தில். மாப்பிள்ளைக்குக் காலை ஷிஃப்ட்.

எனக்கு அது ஒரு தாளாகத்தான் வந்தது. ‘மின் கட்டமைப்புக்குச் சேதம். பணியாளர் சிலர் பலி.’ ஆமாஞ்சாமி கொண்டுவந்து மேசையில் வைத்தார். “சம்பவம்னு போடலாமா மேடம், தாக்குதல்னு போடலாமா?” நான் தங்கையின் எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. அவர் நகரவில்லை. “செயலர் கேக்கிறார் மேடம்...”

வெளிய போய்யா என்று கத்தினேன்.

மார்ச் 12, புதன்

மாப்பிள்ளை இல்லை.

மார்ச் 15, சனி

அடக்கம் முடிந்தது. முகத்தைக் காட்டவில்லை. ‘பாக்காதீங்க’ என்று மருத்துவமனை ஊழியர் தங்கையின் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். அமைச்சர் வந்தார், படம் எடுத்துக்கொண்டார், போனார். மாலையைச் சுமந்து வந்தவன்கூட அவரைவிட அதிக நேரம் நின்றான்.

குவார்ட்டர்ஸ் வீட்டில் மின்சாரம் இல்லை. மின்வாரியக் குடியிருப்பு முழுக்க இருட்டு, இதற்குச் சிரிப்பதா? தங்கை சுவரில் சாய்ந்தபடி சொன்னாள்:

“சம்பந்தி போன் பண்ணினாருக்கா. மொதல்ல பண்ணினதே அவர்தான். ஸ்டேஷன் லைன் செத்துப்போச்சுன்னு தெரிஞ்சதும் என் நம்பரைத் தேடிப் புடிச்சிருக்கார். அழுதார்.”

“ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்” என்றேன்.

“அவர் ஓநாய் இல்லக்கா. எங்க வீட்டுக்காரர் மாதிரியே கரண்ட் லோடு பாக்கறவர்.”

உள்ளே கசந்தது. அவன் நாடு கொல்லும், அவன் அழுவான். இரண்டையும் ஒரே ஊரிலிருந்து அனுப்புவார்களோ?

மார்ச் 19, புதன்

பக்கத்து நாடு பாதுகாப்பு சபைக்குக் கொடுத்த கடிதம் என் மேசைக்கு வந்துவிட்டது. அழகான கடிதம். எழுதியது யார் என்று முதல் வரியிலேயே தெரிந்தது. அவர்களுடைய சட்ட ஆலோசகர், எல்லா மாநாட்டிலும் பார்க்கிற ஆள். வெண்ணெய்வாயர் என்று நான் வைத்த பெயர் அவருக்கே தெரியும். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்.

உலக நாடுகள் சேர்ந்து எழுதிய சாசனத்தில் ஒரு விதி இருக்கிறது: ஒரு நாடு இன்னொரு நாட்டின்மேல் படையை ஏவக் கூடாது. அதற்கு ஒரு விலக்கு, ஐம்பத்தோராம் பிரிவு: தன்மேல் ஆயுதத் தாக்குதல் நடந்தால் தற்காத்துக்கொள்ளலாம், செய்ததை உடனே சபைக்குத் தெரிவிக்க வேண்டும். மழைக்கு ஒதுங்க வைத்த தாழ்வாரம் அது. இப்போது எல்லோரும் அதில்தான் குடித்தனம் நடத்துகிறார்கள்.

கடிதத்தின்படி, ஆயுதக் குழு ஒன்று நம் நிலையத்தில் பதுங்கி இருந்ததாம். அதை அடக்க நம் நாட்டுக்கு ‘விருப்பமில்லை அல்லது இயலவில்லை’யாம். ஆகவே ‘தேவையானதும் அளவானதுமான’ நடவடிக்கையாம். மாப்பிள்ளையும் அவருடைய தைலப் புட்டியும், அளவாக.

பத்தி பத்தியாக மறுப்பு எழுதினேன். கை தானாக ஓடியது. முப்பது வருடப் பழக்கம்.

மார்ச் 28, வெள்ளி

சபையில் நேற்று முழுக்கக் கூட்டம். நம் தூதருக்குப் பின்னால், நாட்டின் பெயர்ப்பலகைக்கு மறைவில், என் வழக்கமான நாற்காலி. பதினைந்து பேர் பேசினார்கள். பதினான்கு பேர் இரு தரப்பும் நிதானம் காக்கச் சொன்னார்கள். இரு தரப்பாம்! அடித்தவனும் நிதானமாக இருக்க வேண்டும், செத்தவனும் நிதானமாக இருக்க வேண்டும். செத்தவர் நிதானமாகத்தான் இருக்கிறார் ஐயா.

தீர்மானத்தில் காலையில் ‘கண்டிக்கிறது’ என்று இருந்தது. தேநீர் இடைவேளையில் அது ‘வருந்துகிறது’ ஆயிற்று. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ‘கவனத்தில் கொள்கிறது’. கழுதை தேய்ந்து கட்டெறும்பான பிறகும் விடவில்லை. மாலையில் அவர்களுடைய பெரிய நண்பர் ஒரே ஒரு கையைத் தூக்கினார், வீட்டோ என்னும் தடை வாக்கு. கட்டெறும்பும் நசுங்கியது. பிறகு எல்லோரும் ஒருவருக்கொருவர் நன்றி சொன்னார்கள்.

நடைவழியில் வெண்ணெய்வாயர் வந்தார். “உங்க குடும்பத்துல இழப்புன்னு கேள்விப்பட்டேன். தனிப்பட்ட முறையில ரொம்ப வருத்தம்.”

“தனிப்பட்ட முறையிலயா? எழுத்துல வேற மாதிரி இருந்துச்சே.”

“அது வேலை. உங்களுக்குத் தெரியாததா?”

தெரியாததா! அந்த ஒரு வார்த்தையில் என்னையும் இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார் பாவி.

ஏப்ரல் 8, செவ்வாய்

செயலர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம். ராணுவத்தார் இருவர், ஆமாஞ்சாமி, நான். திருப்பி அடிக்கப்போகிறார்கள்.

“நீங்க கடிதத்தைத் தயார் பண்ணிடுங்க” என்றார் செயலர். “ஐம்பத்தொண்ணு. அவங்க எழுதின மாதிரியே.”

முடியாது என்றேன். தற்காப்பு என்பது விழுகிற அடியைத் தடுப்பதற்கு. அடி விழுந்து ஒரு மாதம் கழித்துப் போய் அடித்தால் அதற்குப் பெயர் பழிவாங்கல். அதைச் சட்டம் ஒத்துக்கொள்ளாது என்றேன். முதல் ஆண்டு மாணவனுக்குச் சொல்லும் பாடம்.

“சட்டம்” என்று சிரித்தார். “அவங்க அடிச்சப்ப உங்க சட்டம் எங்கம்மா போயிருந்துச்சு? உங்க சொந்தத் தங்கச்சி புருஷன். நாங்க உங்களுக்காகவும்தான் செய்யறோம்.”

“எனக்காகச் செய்யாதீங்க.”

“நீங்களே இந்தச் சபையை நாடகக் கொட்டகைன்னு சொல்றவங்கதானே? இப்ப என்ன திடீர்னு பக்தி?”

ஆமாஞ்சாமி சிரித்தார், அளவாக.

உண்மைதான். கொட்டகை என்று சொன்னது நான்தான். ஆனால் கொட்டகையைத் திட்டுகிறவள் அதைக் கொளுத்தச் சொல்கிறாள் என்று அர்த்தமா? ‘இந்த நடவடிக்கை சட்டவிரோதம்’ என்று என் கருத்தை ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். படிக்காமலே, “உங்க கருத்துக்கு நன்றி” என்றார். கடிதம் ஆமாஞ்சாமி வசம் போனது.

ஏப்ரல் 16, புதன்

அடித்துவிட்டார்கள். எதை? எல்லைக்கு அந்தப் பக்கத்துத் துணைமின் நிலையத்தை.

“நிலையத்துக்கு நிலையம். இதைவிட அளவா யார் அடிக்க முடியும்?” என்று செயலர் பூரித்துப்போனார். அளவு என்றால் இந்த ஆளுக்குத் துணிக்கடை முழக்கோல். வந்த ஆபத்தைத் தடுக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு என்பதுதான் சட்டத்தின் அளவு. உன் வீட்டில் ஒரு பிணம், என் வீட்டில் ஒரு பிணம் என்பதல்ல.

ஆமாஞ்சாமியின் கடிதத்தைப் படித்தேன். வெண்ணெய்வாயரின் கடிதமேதான். ‘பதுங்கி இருந்தது’, ‘விருப்பமில்லை அல்லது இயலவில்லை’, ‘தேவையானதும் அளவானதும்.’ நாட்டின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். ஓரிடத்தில் மாற்ற மறந்து, நம் நாட்டையே நாம் குற்றம் சாட்டியிருந்தது. அதைத் திருத்தச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

தங்கை பேசினாள். அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“சம்பந்தி போன் எடுக்கலக்கா. நேத்துலருந்து.”

“லைன் போயிருக்கும்டி.”

“டி.வி.ல காட்டின அந்தக் கடிதம் நீ எழுதினியா?”

“இல்லடி. சத்தியமா இல்ல.”

“நிறுத்தினியா?”

என்ன சொல்வேன்? ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன், நன்றி சொன்னார்கள் என்றா? ‘நிறுத்த முடியலடி’ என்றேன். அவள் ‘சரி’ என்றாள். அவ்வளவுதான்.

ஏப்ரல் 19, சனி

சம்பந்தியின் மனைவி போனை எடுத்திருக்கிறாள். தங்கைக்கு அவள் மொழி தெரியாது, அவளுக்கு இவள் மொழி தெரியாது. “ரெண்டு பேரும் ஒண்ணும் பேசலக்கா. ரெண்டு பேரும் போனை வைக்கவும் இல்ல” என்றாள் தங்கை.

மே 19, திங்கள்

இப்போது பக்கத்து நாடு நம்மேல் புகார் கொடுத்திருக்கிறது. சபை மறுபடி கூடுகிறது. சென்ற முறை நாம் சொன்னதை அவர்கள் சொல்வார்கள், அவர்கள் சொன்னதை நாம் சொல்வோம். உரைகளை மாற்றிக் கொடுத்துவிட்டு எல்லோரும் வீட்டிலேயே இருக்கலாம்.

செயலருக்கு ஒரு யோசனை உதித்திருக்கிறது. நம் தரப்பில் ஒரு விதவையைப் பேசவைக்க வேண்டும். “உங்க தங்கச்சியைக் கூட்டிட்டு வாங்க. நாலு நிமிஷம் போதும்.”

பேச வேண்டியதை ஆமாஞ்சாமியே எழுதிவிட்டார். ‘என் கணவரின் இரத்தம் இந்த மண்ணில்...’ மாப்பிள்ளை உயிரோடு இருந்து இதைப் படித்திருந்தால் முதுகுவலியை மறந்து சிரித்திருப்பார்.

மே 21, புதன்

தங்கை வந்துவிட்டாள். தூதரகம் எடுத்துக் கொடுத்த விடுதி அறையில் இருவரும். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள்.

“இதுல சம்பந்தி பத்தி ஒண்ணும் இல்லையே?”

“இருக்காதுடி. இது நம்ம தரப்பு.”

“நானும் அவங்க வீட்டம்மாவும் ஒரே தரப்புதானேக்கா?”

எச்சரித்தேன். தாளை விட்டு விலகினால் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்வார்கள், தெருவில் துரோகி என்பார்கள் என்றேன். கடைசியில் வழக்கம்போல, “அங்க எவனும் காது குடுத்துக் கேக்கமாட்டான்டி. காதுல மாட்டியிருக்கிற கருவிக்குள்ள பாதிப்பேர் தூங்குவான்” என்றேன்.

“எவனும் கேக்கமாட்டான்னா, நெசத்தைச் சொன்னா மட்டும் என்ன கெட்டுப்போகுது?”

முப்பது வருடமாக எழுத்தில் வாதாடுகிறேன். இதற்கு மறுப்பு எழுதத் தெரியவில்லை.

மே 22, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

அவளை அழைத்தார்கள். முதல் நான்கு வரி தாளில் இருந்தபடிதான் படித்தாள். தூதர் தலையாட்டினார். பிறகு தாளை மடித்தாள்.

“எங்க வீட்டுக்காரர் இருந்த ஸ்டேஷன்ல ஆயுதக்காரன் யாரும் இல்ல. எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தர் அதே வேலை செஞ்சார். அவர் ஸ்டேஷன்லயும் யாரும் இருந்திருக்க மாட்டாங்க. எங்க வீட்டுக்காரர் செத்தப்ப எனக்கு மொதல்ல போன் பண்ணி அழுதவர் அவர்தான். அவரை எங்க நாடு கொன்னுடுச்சு. எனக்காகத்தான் கொன்னோம்னு சொல்றாங்க. நான் கேக்கவே இல்லையே.”

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் கடைசி வாக்கியத்தைச் சொன்னார். எங்கோ ஒரு பேனா மேசையில் உருண்டது கேட்டது.

தூதர் பின்னால் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. “ஆட்சேபம் எழுப்பணும். பேச்சாளர் பொருளை விட்டு விலகறாங்கன்னு. எந்த விதி? சீக்கிரம் சொல்லுங்க!”

நம் சாட்சியை நாமே ஆட்சேபிக்க வேண்டுமாம்! விதி எனக்குத் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

“தெரியாது சார்” என்றேன்.

“தெரியாதா? உங்களுக்கா?”

“தெரியாது.”

ஆமாஞ்சாமி புத்தகத்தைப் புரட்டினார். பாவம், பொருளடக்கம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அதற்குள் அவள் பேசி முடித்து, தலைவருக்கு வணக்கம் சொல்லி, கைப்பையை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மே 24, சனி

நம் தொலைக்காட்சியில் அவள் பேச்சின் முதல் பாதி மட்டும். அவர்கள் தொலைக்காட்சியில் பின் பாதி மட்டும். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

சபை என்ன முடிவு எடுத்தது என்று கேட்டால்: விவகாரம் தொடர்ந்து சபையின் பார்வையில் இருக்கும் என்று முடிவெடுத்தது. பார்த்துக்கொண்டே இருங்கள், ராசாக்களா.

ஜூன் 2, திங்கள்

எனக்கு மாற்றல். மீன்பிடி எல்லை ஒப்பந்தங்கள், மூன்றாம் மாடி, ஜன்னல் இல்லாத அறை. என் நாற்காலியில் ஆமாஞ்சாமி. தங்கைக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு. அவள் வாசல் கதவில் எவனோ ‘துரோகி’ என்று எழுதியிருக்கிறான், எழுத்துப் பிழையோடு. தேசபக்திக்கு இலக்கணம் தேவையில்லை போல.

ஜூன் 5, வியாழன்

ராஜினாமா கொடுத்துவிட்டேன். செயலர் வருத்தம் தெரிவித்தார். ஆழ்ந்த வருத்தம்கூட இல்லை, வெறும் வருத்தம். என் பழைய கணக்குப்படி அதுவே சரி.

ஜூலை 14, திங்கள்

தங்கை என்னோடுதான் இருக்கிறாள். சமையலறையை அவள் எடுத்துக்கொண்டாள், சாப்பாட்டு மேசையை நான். நாடு நாட்டின்மேல் கொடுத்த புகார் என்ன ஆயிற்று என்று பார்த்தாயிற்று. மனிதர் கொடுத்தால்? இரண்டு நாடுகளும் கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்ட மனித உரிமை நீதிமன்றம் ஒன்று இருக்கிறது. அதற்குத் தனி ஆளும் போகலாம். இரண்டு நாடுகளின் உள்நாட்டு நீதிமன்றங்களும் மனுவை எடுக்காமல் வாசலிலேயே கதவைச் சாத்திவிட்டன. அதனால் அங்கே போக வழி திறந்தது.

சம்பந்தியின் மனைவிக்கு எழுதிக் கேட்டோம், ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து. ஒரே வரியில் பதில் வந்தது: ‘என் பெயரையும் போடுங்கள், உங்கள் பெயருக்குக் கீழே வேண்டாம், பக்கத்தில்.’

இதனால் ஏதாவது நடக்கும் என்று நம்புகிறாயா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நம்பவில்லை. ஆனாலும் எழுதினேன்.

அடுத்த ஆண்டு, பிப்ரவரி 17, செவ்வாய்

வழக்கை எடுக்கலாமா கூடாதா என்று இன்று வாதம். நீதிமன்ற ஊழியர், வாசலில் வைத்தே, “எந்த நாட்டுக்காக வந்திருக்கீங்க? பெயர்ப்பலகை வைக்கணும்” என்றார். எந்த நாட்டுக்காகவும் இல்லை என்றேன். அவரிடம் அப்படி ஒரு பலகை இல்லை. பலகை இல்லாத மேசையில் உட்கார்ந்தேன். எங்கள் பதிலை எழுத்தில் கொடுத்துவிட்டோம், இன்று பேசுகிறவர்கள் அவர்கள் மட்டும்.

எதிர் வரிசைதான் காணக் கண்கொள்ளாக் காட்சி. வழக்கு இரண்டு நாடுகள்மீதும் என்பதால் ஒரே பெஞ்சில் இருவரும்: வெண்ணெய்வாயர், ஆமாஞ்சாமி. ஒரே தண்ணீர் ஜாடி. இவர் கண்ணாடியைத் தேட அவர் எடுத்துக் கொடுத்தார். வாதமும் ஒன்றே: ‘செத்தவர் எங்கள் ஆட்சிக்கு உட்பட்ட நிலத்தில் இல்லை; ஆகவே அவர் உயிருக்கு நாங்கள் பொறுப்பல்ல; ஆகவே இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை.’ விமானம் எல்லை தாண்டலாம், குண்டு எல்லை தாண்டலாம். பொறுப்பு மட்டும் எல்லைக் கம்பி வரை வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிடுமாம்.

தங்கை என் காதைக் கடித்தாள். “இவங்க ரெண்டு பேரும் சண்டைக்காரங்கதானேக்கா?”

“ஆமாண்டி.”

“பாத்தா ஒரே வயித்துல பொறந்தவங்க மாதிரி இருக்காங்க.”

அவளுக்கு அந்தப் பக்கம் சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தாள், உயரமான பெண், கறுப்பு உடை. தங்கை சொன்னது புரியாமலே சிரித்தாள். பிறகு இருவரும் சேர்ந்து சிரிக்க, காவலர் திரும்பிப் பார்த்தார்.

நவம்பர் 11, புதன்

முடிவு வந்தது. ஒன்பது நீதிபதிகள் ஒருபுறம், எட்டுப் பேர் மறுபுறம். இரு நாடுகளின் ஆட்சேபமும் தள்ளுபடி. வழக்கு நடக்கும்.

எத்தனை வருடம் இழுப்பார்கள், தெரியாது. தீர்ப்பு வந்தால் எவன் மதிப்பான், தெரியாது. மதிக்காமல் போனால் எப்படி மதிக்காமல் போவார்கள், என்ன சொல்லிக் கடிதம் எழுதுவார்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

தங்கை சாப்பாட்டு மேசையில் ஒரு மூலையைத் துடைத்து, சம்பந்தியம்மாவின் மொழியைப் படிக்க ஒரு புத்தகம் வாங்கிவந்து வைத்திருக்கிறாள். எழுத்தெழுத்தாகச் சத்தமாகப் படிக்கிறாள், என் வேலை ஓடவில்லை. அடுத்த மாதம் விசாரணை தொடங்குகிறது. முதலில் பேச வேண்டியவள் நான். இதுவரை பெயர்ப்பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டுத்தான் எழுதி நீட்டியிருக்கிறேன். எழுந்து நின்று பேசியதில்லை.

தொண்டை கட்டியிருக்கிறது. வெந்நீர் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.